உப்பு ஏறுவதை அன்றைக்கே அளந்தாச்சு... ஊருக்குச் சொன்னது யாரு?

மீஞ்சூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை நிலத்தடி நீர் நிலவரம்: ஒரு அலசல்

திருவள்ளூர்:

வீட்டு வாசலில் போர் இருக்கு. மோட்டார் இருக்கு. சுவிட்சைப் போட்டால் தண்ணியும் வருது. ஆனால் குடிக்க கேன் தண்ணி, சமைக்க லாரி தண்ணி! மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களில் இதுதான் நிலைமை.

ஒரு கேன் 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளைக்கு ஒரு கேன் என்றாலும் மாதம் 15 கேன். 525 ரூபாய் போச்சு. கம்பெனியில் தினக்கூலிக்கு போகிறவருக்கு இது ஒரு நாள் கூலி. சொந்தக் காலடியில் தண்ணி இருக்க, ஒரு நாள் கூலியைக் கொடுத்து தண்ணி வாங்க வேண்டிய நிலைக்கு இந்த மண் எப்படி வந்தது?

யாரும் கவனிக்கவில்லை, யாரும் அளக்கவில்லை என்பதுதான் பலரும் சொல்லும் காரணம். ஆனால் உண்மை வேறு. தமிழ்நாட்டிலேயே அதிகம் ஆராயப்பட்ட நிலத்தடி நீர்ப் படுகைகளில் இதுவும் ஒன்று. 1960-களில் இருந்தே அளக்கிறார்கள். அளந்தவர்கள் யாருக்காக அளந்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

2 ஆறு, ஒரு மணல் பெட்டி

ஆந்திராவில் இருந்து வரும் ஆரணி ஆறு ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாக பழவேற்காடு பக்கம் கடலைத் தொடுகிறது. கொசஸ்தலை ஆறு பூண்டி, தாமரைப்பாக்கம், வல்லூர் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வருகிறது. இந்த 2 ஆறும் காலங்காலமாகக் கொண்டு வந்து கொட்டிய மணலும் கூழாங்கல்லும்தான் இந்தப் பகுதியின் சொத்து. மேலே மணல், நடுவே களிமண், அதற்குக் கீழே மறுபடியும் மணல். மழை பெய்தால் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும் நிலம்.

சென்னைக்குத் தண்ணி பஞ்சம் வந்தபோது அதிகாரிகளின் பார்வை இங்கேதான் விழுந்தது. ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியுடன் 1960-களின் பிற்பகுதியில் பெரிய ஆய்வு நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய 3 இடங்களில் நல்ல ஊற்று இருப்பது உறுதியானது. அங்கே ஆழ்குழாய் கிணறுகள் போடப்பட்டன. 1987-ல் பூண்டி, கன்னிகைப்பேர், கொசஸ்தலை ஆற்று வெள்ளச் சமவெளி என்று மேலும் 3 இடங்கள் சேர்ந்தன.

சென்னை நகரத்தின் வீடுகளுக்கும், மணலி பக்கத்து தொழிற்சாலைகளுக்கும் இந்தத் தண்ணி போனது. இதே மண்ணில் விவசாயிகளும் நெல்லுக்கு இறைத்தார்கள். எல்லோரும் இறைத்தார்கள். மழை கொடுத்ததை விட அதிகமாகவே இறைத்தார்கள்.

ஒரு அடி இறங்கினால் 40 அடி ஏறும்!

கடலோர நிலத்தடி நீருக்கு ஒரு கணக்கு உண்டு. நல்ல தண்ணி லேசு, கடல் தண்ணி கனம். நிலத்துக்கடியில் கனமான கடல் தண்ணி மேல் நல்ல தண்ணி மிதந்துகொண்டிருக்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். தராசு மாதிரிதான்.

இதை அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஒரு அடி இறைத்து விட்டால், கீழே உப்பு 40 அடி எழும்பி வரும். கிணற்றில் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே போய்விட்டால் கேட்கவே வேண்டாம். கடல் நேராக உள்ளே வந்துவிடும்.

மீஞ்சூரில் நடந்தது அதுதான். 1969-ல் கடலில் இருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை உப்பு வந்திருப்பது ஆய்வில் தெரிந்தது. 1980-களின் பிற்பகுதியில் அது சுமார் 9 கிலோமீட்டர் ஆனது. அதன்பிறகு நடந்த ஆய்வுகள் சுமார் 15 கிலோமீட்டர் வரை உப்பின் தடம் தெரிவதாகச் சொல்கின்றன.

கிணறுகள் உப்பானதும் மீஞ்சூரில் இறைப்பது படிப்படியாகக் குறைக்கப்பட்டது. குடிநீர் வாரியம் மேற்கே பூண்டி, தாமரைப்பாக்கம், கன்னிகைப்பேர் பக்கம் அதிகம் சாய்ந்தது. 2000-களின் தொடக்கத்தில் கடும் வறட்சி வந்தபோது விவசாயிகளின் கிணற்றுத் தண்ணியையே விலைக்கு வாங்கி சென்னைக்கு அனுப்பினார்கள். 2019 வறட்சியிலும் இந்தப் பக்கத்துக் கிணறுகள்தான் கைகொடுத்தன.

சென்னைக்கு வேறு வழிகளும் கிடைத்தன. 1996-ல் கிருஷ்ணா தண்ணி வந்தது. 2010-ல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் தினமும் 10 கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. 2020-ல் கும்மிடிப்பூண்டி பக்கமே தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது.

வாரியம் இடத்தை மாற்றிக்கொண்டது. ஊர் எங்கே போகும்? உப்பான கிணற்றோடு அங்கேயே நின்றது.

இங்கேதான் கேள்வி. 1969-லேயே உப்பு தெரிந்தது என்றால் அந்தக் கணக்கு யாருக்குப் போனது? சென்னைக்கு இன்னும் எவ்வளவு தண்ணி எடுக்கலாம் என்று பார்க்கத்தான் அன்றைய ஆய்வு. ‘உன் கிணறு இத்தனை வருஷத்தில் உப்பாகிவிடும், இப்பவே இறைப்பைக் குறை’ என்று வயலில் நின்ற விவசாயிக்குச் சொல்வது அந்தக் கணக்கின் வேலையாக இல்லை.

மணலும் போச்சு, பஞ்சும் போச்சு

இறைத்தது ஒரு பக்கம். தோண்டியது இன்னொரு பக்கம்.

ஆற்று மணலை வெறும் கட்டுமானப் பொருளாகப் பார்த்தவர்களுக்கு அது லோடு கணக்கு. நிலத்தடி நீருக்கோ அதுதான் வாசல். ஆற்றில் வெள்ளம் போகும்போது மணல்தான் வேகத்தைக் குறைத்து, வடிகட்டி, கீழே இறக்குகிறது. மணலை வாரிவிட்டால் வெள்ளம் நிற்காமல் கடலுக்கு ஓடும். களிமண் தெரியும் அளவுக்குத் தோண்டிவிட்டால் தண்ணி கீழே இறங்கவே இறங்காது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி ஆற்றுப் படுகை ஆழமானால், கடல் ஏற்றத்தின்போது உப்புத் தண்ணி ஆற்றின் வழியாகவே உள்ளே ஏறும். நிலத்துக்கடியில் ஒரு படையெடுப்பு, நிலத்துக்கு மேலே ஒரு படையெடுப்பு!

2003-ல் ஆற்று மணல் குவாரிகளை அரசே தன் கையில் எடுத்தது. அதனால் மட்டும் மண் அள்ளுவது நின்றுவிடவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் ஏரிகளில் சவுடு மண் எடுக்கும் குவாரிகள் பற்றி ஊர்க்காரர்கள் லாரியை மறிப்பதும், மனு கொடுப்பதும் வழக்கமான செய்தியாகிவிட்டது. அனுமதித்த ஆழம் ஒன்று, தோண்டும் ஆழம் இன்னொன்று என்பதே எப்போதும் புகார்.

குவாரிக்கு அனுமதி கொடுக்கும்போது எத்தனை அடி, எத்தனை லோடு என்று எழுதுகிறார்கள். பக்கத்துக் கிணற்றில் தோண்டும் முன் தண்ணி எப்படி இருந்தது, தோண்டிய பின் எப்படி இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? அந்தக் கணக்கு இருந்தால்தானே நாளைக்கு ‘குவாரியால்தான் கெட்டுது’ என்று சொல்ல முடியும்? இல்லாவிட்டால் ‘முன்னாடியே அப்படித்தான் இருந்தது’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

சிப்காட் பக்கம் வேற கதை

உப்பு ஒரு வகையில் நல்ல எதிரி. நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும். சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது. குழாயில் வெள்ளையாகப் படியும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் பயப்பட வேண்டியது நாக்குக்குத் தெரியாத விஷயங்களுக்கு. இரும்பு உருக்கும் ஆலைகள், உருட்டாலைகள், ரசாயனம், பழைய பேட்டரியில் இருந்து ஈயம் பிரிக்கும் தொழில் என்று இங்கே பலவகைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பல மாவட்டத்துத் தொழிற்சாலைகளின் ஆபத்தான கழிவைக் கொண்டு வந்து புதைக்கும் பொதுக் கிடங்கும் சிப்காட் வளாகத்தில்தான் இருக்கிறது. தெற்கே அத்திப்பட்டு பக்கம் போனால் அனல் மின் நிலையத்தின் சாம்பல் குளம்.

எல்லாக் கம்பெனியும் தண்ணியைக் கெடுக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கெடுக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. எது உண்மை என்பதை ஆய்வுக்கூடம் மட்டுமே சொல்ல முடியும். காரணம், அளவு அவ்வளவு சின்னது.

இந்தியக் குடிநீர் தரத்தின்படி ஒரு லிட்டர் தண்ணியில் கரைந்த உப்புகள் 500 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லை என்றால் 2 ஆயிரம் வரை விடலாம். குளோரைடு 250, வேறு வழியில்லை என்றால் 1,000. ஆனால் ஈயத்துக்கு எல்லை 0.01 மில்லி கிராம்தான். அதில் ‘வேறு வழியில்லை’ என்ற சலுகையே கிடையாது.

இப்போது பலர் வீட்டில் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் வைத்திருக்கிறார்கள். கேன் போடும் பையனும் அதைத் தண்ணியில் விட்டுக் காட்டுகிறார். அந்த மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். அதில் ஒரு எண் கூடினால் ஒரு மில்லி கிராம். ஈயத்தின் எல்லை அதில் நூறில் ஒரு பங்கு. ஆகவே மீட்டர் 300 என்று நல்ல எண்ணாகக் காட்டினாலும் ஈயம் இருக்கா, இல்லையா என்று அதற்குத் தெரியாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம்.

ராணிப்பேட்டை பாடம்

கழிவு மண்ணுக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு தமிழ்நாட்டுக்கு வெளியே போய்த் தேட வேண்டாம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ‘தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்’ என்ற ஆலை 1970-களில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை மூடியாச்சு, ஆனால் குவித்து வைத்த 2 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கேயே கிடந்தது. மழை பெய்யப் பெய்ய அது கரைந்து மண்ணுக்குள் இறங்கியது. சுற்றுவட்டாரத்தில் கிணற்றுத் தண்ணி மஞ்சளாக மாறியது.

முதலாளி போய்விட்டார், வேலை போய்விட்டது, கழிவு மட்டும் போகவில்லை. பல ஆண்டுகளாக ஆய்வு மேல் ஆய்வு, திட்டம் மேல் திட்டம்.

நிலத்தடி நீர் மெதுவாக நகரும். இன்றைக்கு மண்ணில் விழுந்த விஷம் பக்கத்து ஊர்க் கிணற்றுக்கு வர வருஷக்கணக்கில் ஆகலாம். கெட்ட பிறகு சுத்தம் செய்யவும் அதே போல வருஷங்கள் ஆகும். ஆகவே ஊர்க் கிணற்றில் விஷம் வந்த பிறகு கண்டுபிடிப்பது கண்காணிப்பு இல்லை. அது பிணப் பரிசோதனை. வழியிலேயே மறித்துப் பிடிப்பதுதான் கண்காணிப்பு.

எப்படி அளக்கணும்?

முதல் விதி: மேல்பக்கம் ஒரு கிணறு, கீழ்ப்பக்கம் சில கிணறுகள். நிலத்தடி நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து, ஆலைக்கு அல்லது குவாரிக்கு முன்னாலும் பின்னாலும் கண்காணிப்புக் குழாய் இறக்க வேண்டும். முன்னால் சுத்தம், பின்னால் அழுக்கு என்றால் நடுவில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். கீழ்ப்பக்கம் மட்டும் அளந்தால் ‘அது இயற்கை’ என்று தப்பிக்கலாம். மேல்பக்கம் மட்டும் அளந்தால் எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும்!

இரண்டாவது: ஆழம். இந்தப் பகுதியில் களிமண்ணுக்கு மேலே ஒரு நீர் அடுக்கு, கீழே ஒரு நீர் அடுக்கு. 30 அடி கிணற்றில் எடுத்த தண்ணியை வைத்து 200 அடி போர் நல்லது என்று சொல்லக் கூடாது.

மூன்றாவது: எடுக்கும் முறை. குழாயில் தேங்கிக் கிடந்த பழைய தண்ணியை இறைத்து வெளியேற்றிவிட்டு, புதிதாக ஊறி வரும் தண்ணியைத்தான் பாட்டிலில் பிடிக்க வேண்டும். ஈயம், குரோமியம் பார்க்க வேண்டுமானால் பாட்டிலில் அமிலம் சேர்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் ‘இல்லை’ என்று வரும்.

நான்காவது: எந்த உப்பு என்று பார்ப்பது. எல்லா உப்பும் கடல் உப்பு இல்லை. கடல் தண்ணியில் லிட்டருக்கு சுமார் 19 ஆயிரம் மில்லி கிராம் குளோரைடு இருக்கிறது. 100 குடத்தில் 5 குடம் கடல் தண்ணி கலந்தாலே குளோரைடு 1,000-ஐ நெருங்கிவிடும். அதோடு, நல்ல தண்ணியில் இருக்கும் பைகார்பனேட்டோடு குளோரைடை ஒப்பிட்டுப் பார்த்தால் உப்பு கடலில் இருந்து வந்ததா, வேறு எங்கிருந்தாவது வந்ததா என்று ஓரளவு பிரித்துச் சொல்லலாம்.

ஐந்தாவது: திரும்பத் திரும்ப. ஒரு தடவை அளந்தால் அது போட்டோ. வருஷம் முழுக்க, மழைக்கு முன்னும் பின்னும் அதே கிணற்றில் அளந்தால்தான் படம் நகரும்.

யார் யார் அளக்கிறார்கள்?

பட்டியல் நீளமானதுதான். மத்திய நிலத்தடி நீர் வாரியம் குறிப்பிட்ட கண்காணிப்புக் கிணறுகளில் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று ஆண்டுக்கு 4 முறை நீர்மட்டம் பார்க்கிறது. தரத்துக்கு, கோடையில் மழைக்கு முன் மாதிரி எடுப்பது நீண்டகால வழக்கம். மாநில நீர்வளத் துறையின் தரவு மையம் தனியாக அளக்கிறது. குடிநீர் வடிகால் வாரியம் குடிநீர் ஆதாரங்களைச் சோதிக்கிறது. மாசு கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்சாலைகளைப் பார்க்கிறது. அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரணி, கொசஸ்தலை படுகையில் பல ஆண்டுகளாக ஆய்வு செய்துவருகிறார்கள். இது போக, கம்பெனிகள் தங்கள் அனுமதிக்காகத் தாங்களே தனியார் ஆய்வுக்கூடத்தில் கொடுத்து அறிக்கை வாங்குகின்றன.

இத்தனை பேர் அளந்தும் தெருக்கோடியில் இருக்கும் வீட்டுக்காரருக்குத் தன் போர் தண்ணி பற்றி ஒரு வரி தெரியவில்லை என்றால் எங்கே ஓட்டை?

வாரியம் சென்னை தண்ணிக்காக அளந்தது. கம்பெனி லைசென்சுக்காக அளக்கிறது. மத்திய வாரியம் நாட்டு நிலவரத்துக்காக அளக்கிறது. பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்காக அளக்கிறது. அவரவர் வேலையை அவரவர் செய்கிறார்கள். ஊருக்காக அளப்பது யார் வேலை என்பதுதான் யார் தலையிலும் விடியவில்லை.

நெய்வேலியைப் பாருங்க

இதற்கு நல்ல உதாரணம் நெய்வேலி சுரங்கம். அங்கே பழுப்பு நிலக்கரிக்குக் கீழே பயங்கர அழுத்தத்தில் தண்ணி இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தம் என்பது கணக்கு. இறைத்து அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால், சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு தண்ணி மேலே வரும். ஆகவே 1960-களில் இருந்தே இரவு பகலாக இறைக்கிறார்கள். சுற்றிலும் கிணறுகளில் நீர்மட்டத்தை விடாமல் பார்க்கிறார்கள். பார்க்காவிட்டால் சுரங்கமே மூழ்கும். தன் தலைக்கு வந்தால் அளவு தவறாது!

ஆனால் சுற்றுப்புற ஊர்களின் தண்ணித் தரம்? 2023-ல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும், மந்தன் அத்யயன் கேந்திராவும் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டன. நெய்வேலி, பரங்கிப்பேட்டை பகுதி நீரில் பாதரசம் உள்ளிட்டவை அதிகம் இருப்பதாக அதில் சொல்லப்பட்டது. அந்தச் செய்தியைப் பார்த்து தேசிய பசுமை தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. தண்ணி எவ்வளவு என்பதை அளக்கச் சுரங்கத்துக்கு அவசரம் இருந்தது. தண்ணி எப்படி என்பதைக் கேட்க வெளி ஆட்கள் வர வேண்டியிருந்தது.

அவசரம் வந்தால் நம்ம ஊர் அதிகாரிகளும் சுறுசுறுப்பாக அளப்பார்கள். 2017 வறட்சியில் மாங்காடு அருகே சிக்கராயபுரம் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிய தண்ணியை மாதிரி எடுத்து, சோதனை செய்து, சுத்திகரித்து சென்னைக்கு விநியோகித்தார்கள். 2019-லும் அதே குவாரி உதவியது. குவாரி தண்ணியைச் சோதிக்க முடியும், ரிசல்ட் வாங்க முடியும், முடிவெடுக்க முடியும் என்பது இதில் நிரூபணம். சென்னைக்கு முடிந்தது கும்மிடிப்பூண்டிக்கு ஏன் முடியாது?

அளந்து ஜெயித்தவர்களும் உண்டு

உப்பைத் திருப்பி அனுப்பவே முடியாது என்று கைவிட வேண்டியதில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் ஆரஞ்சு கவுண்டி பகுதியிலும் இதே போல கடல் உள்ளே வந்தது. 1970-களில் இருந்து கடலுக்கும் ஊருக்கும் நடுவே வரிசையாகக் கிணறு போட்டு, சுத்திகரித்த தண்ணியை உள்ளே செலுத்தி, நிலத்துக்கடியில் ஒரு நன்னீர்ச் சுவர் எழுப்பினார்கள். சுவர் நிற்கிறதா, சாய்கிறதா என்பதைக் கண்காணிப்புக் கிணறுகள்தான் சொல்கின்றன.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆரணி ஆற்றில் பாலேஸ்வரம் தடுப்பணையைச் சுற்றி அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிணறுகளை அளந்து பார்த்தார்கள். அணையில் தண்ணி நின்றால் அருகில் உள்ள கிணறுகளில் மட்டமும் உயர்கிறது, தரமும் மேம்படுகிறது என்பது தெரிந்தது. அளந்ததால்தான் எங்கே தடுப்பணை பலன் தரும் என்று சொல்ல முடிந்தது.

சட்டம் என்ன சொல்லுது?

சென்னைக்கும் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் 1987-லேயே நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கிணறு தோண்ட, தண்ணி ஏற்றிச் செல்ல அனுமதி வேண்டும் என்கிறது. மாநிலம் முழுவதற்கும் 2003-ல் ஒரு சட்டம் போட்டார்கள். நடைமுறைக்கு வராமலேயே 2013-ல் அது வாபஸ் ஆகிவிட்டது.

ஆனால் கையில் வேறு ஆயுதம் இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஆலைகளும் சுரங்கங்களும் நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி 6 மாதத்துக்கு ஒரு முறை, ஜூன், டிசம்பர் மாதங்களில் அறிக்கை கொடுக்க வேண்டும் என்று 2006-ம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கை சொல்கிறது. அந்த அறிக்கை பொது ஆவணம் என்றும் அதிலேயே இருக்கிறது. நிலத்தடி நீரை அளக்கச் சொல்லி நிபந்தனை இருந்தால் அந்த அளவும் அதில் இருக்க வேண்டும். அதாவது, உங்கள் ஊர் தண்ணி ரிசல்ட் ரகசியம் இல்லை. கேட்டால் கொடுக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், பொது ஆவணம் என்பது ஆங்கிலத்தில், பல பக்கக் கோப்பாக, எங்கோ ஒரு இணையதளத்தில் இருக்கிறது. பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் இல்லை. ஷிப்ட் முடிந்து வருகிறவர் அதை எங்கே போய்த் தேடுவார்?

ஊர் என்ன கேட்கலாம்?

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு 6 கிராம சபை. அதில் ஒன்று மார்ச் 22, உலக தண்ணீர் தினம். அன்றைக்கு உறுதிமொழி எடுத்துக் கலைவதற்குப் பதில், நம்ம ஊர் எல்லையில் எத்தனை கண்காணிப்புக் கிணறு, எந்தத் தேதியில் மாதிரி எடுத்தார்கள், ரிசல்ட் என்ன என்று கேட்டுத் தீர்மானம் போடலாம்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். மாசு கட்டுப்பாட்டு வாரியம், நீர்வளத் துறை, கனிமவளத் துறை எதுவானாலும் கேட்கலாம்.

ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 5 பெண்களுக்குத் தண்ணி சோதிக்கப் பயிற்சி கொடுத்து, சோதனைப் பெட்டி வழங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தப் பெட்டி உங்கள் ஊரில் யாரிடம் இருக்கு, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று விசாரிக்கலாம். உப்பு, குளோரைடு, கடினத்தன்மை போன்றவற்றை அதில் பார்த்துவிட முடியும். ஈயம் மாதிரி உலோகங்களுக்கு ஆய்வுக்கூடம்தான் வழி. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டி பொதுமக்களே மாதிரி கொடுக்கலாம். தெருவுக்கு ஒரு போர் என்று பேசி வைத்து, செலவைப் பகிர்ந்து, வருஷத்துக்கு 2 தடவை அதே போரில் எடுத்து, ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அதுவே நாளைக்கு ஆதாரம்.

அரசு தரப்பில் செய்ய வேண்டியதும் பெரிய செலவில்லை. புதுக் கருவி வாங்க வேண்டாம், புது ஆய்வுக் குழு போட வேண்டாம். ஏற்கனவே அளந்த எண்களைத் தமிழில், ஊர் வாரியாக, ‘குடிக்கலாம், குளிக்க மட்டும், தொடாதே’ என்று 3 வகையாகப் பிரித்து, பஞ்சாயத்து ஆபீஸ், ரேஷன் கடை, சிப்காட் கேட் ஆகிய இடங்களில் ஒட்டினால் போதும். குவாரிக்கோ, ஆலைக்கோ புது அனுமதி கொடுக்கும் முன் சுற்றியுள்ள கிணறுகளின் இன்றைய தரத்தை அளந்து, கிணற்றுக்காரர் கையில் ஒரு காப்பி கொடுத்துவிட்டால் பின்னால் வரும் சண்டையில் பாதி குறையும்.

மீஞ்சூரில் உப்பு 3 கிலோமீட்டரில் இருந்தபோதே எண் இருந்தது. 9 கிலோமீட்டரில் இருந்தபோதும் எண் இருந்தது. ஊர் மட்டும் ஒவ்வொரு முறையும் நாக்கில் வைத்துத்தான் தெரிந்துகொண்டது. சிப்காட் பக்கத்து மக்களுக்கு அந்த வசதியும் கிடையாது. ஈயத்துக்கு ருசி இல்லை. ஆகவே இந்த முறையாவது எண் முதலில் ஊருக்கு வர வேண்டும். கோப்புக்கு அப்புறம் போகட்டும் என்பதே பொதுமக்களின் எதிர்பார்ப்பு.